பெரிய எழுத்து

மாஸ்கோ. நாற்பத்தைந்து, பிப்ரவரி.
இரட்டைக் கதவு போட்ட அறை.
காலையில் எண்ணித் தருவார்கள்,
மாலையில் எண்ணி வாங்குவார்கள்:
தாள், பென்சில்,
பென்சில் சீவிய தூள்கூட.
பிறகு கதவில் நூல் கட்டி, களிமண் அப்பி
முத்திரை குத்துவார் மேஜர் புர்மிஸ்த்ரோவ்.
காதும் காதும் வைத்த மாதிரி என்பார்களே,
அங்கே காதுகளே கிடையாது.
ஆளுக்கொரு விளக்கு. ஆளுக்கொரு முதுகு.

வந்தவை எல்லாம் புகைப்படங்கள்.
யாரோ ஆங்கிலத்தில் எழுதியதை
வேறு யாரோ அவசரமாகப் படம்பிடித்திருந்தார்கள்.
ஒன்பதாம் தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்,
கடித்த நகத்தோடு.

எனக்குப் பௌதிகம் தெரியாது.
படித்ததெல்லாம் பழைய ஆங்கில நாடகங்கள்.
'டாம்பர்' என்றொரு சொல் வந்தது.
கூடாத இடத்தில் கைவைப்பவன் என்றது அகராதி.
மூன்று பக்கம் ஒரு திருடனைப் பற்றியே எழுதினேன்:
திருடனின் தடிமன், திருடனின் எடை,
தப்பி ஓடும் நியூட்ரான்களைத்
திருடன் திருப்பி அனுப்பும் விதம்.
மேல்மாடியிலிருந்து பேராசிரியர் ஒருவர் இறங்கி வந்து
சிரித்தார். சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.
'உறை' என்று திருத்திவிட்டுப் போனார்.

மார்ச்சில்தான் அதைக் கவனித்தேன்.
எழுதும் கை களைத்துப்போகும்போது,
பக்கத்தின் கடைசிப் பத்து வரிகளில்,
பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும்.
சுவர். உலோகம். நேரம்.
ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயர் போல
நிமிர்ந்து நிற்கும்.
அடுத்த வரியில் கை விழித்துக்கொள்ளும்;
மறுபடி சின்ன எழுத்து.
ஆங்கிலக் கை அப்படித் தூங்கி வழியாது.
எந்த மொழியில் பிறந்த கை அது என்று
எனக்குத் தெரிந்துவிட்டது.
அந்த மொழியில்தான் வந்திருக்கும்
என் தம்பி ரொஸ்திஸ்லாவைச் சுடச் சொன்ன உத்தரவு,
ர்ஜேவ் பக்கத்தில், சேறு உறையாத ஒரு நாளில்.

"எழுதியவரைப் பற்றி ஏதாவது தெரிகிறதா,
தோழர் வெரெயினோவா?
நாடு, வயது, பழக்கவழக்கம்?"
தேநீரில் சாக்கரினைக் கலக்கிக்கொண்டேதான் கேட்டார் மேஜர்.
சொன்னால் அந்தக் கைக்கு ஆபத்தா,
கண்டுபிடித்த கண்ணுக்கு ஆபத்தா,
இல்லை, ஒரு சபாஷும் அரைக்கிலோ வெண்ணெயுமா?
கரண்டி இரண்டு சுற்றுச் சுற்றியது.
"ஆங்கிலேயர்தான் போலிருக்கிறது" என்றேன்.
"கையெழுத்து மோசம்."

அன்பெல்லாம் இல்லை.
தம்பியை மறந்துவிட்டதும் இல்லை.
அந்த அறையிலிருந்து
எண்ணிக்கையில் வராமல்
நான் வெளியே எடுத்துப்போனது அது ஒன்றுதான்.

ஜூனில் கடைசிக் கட்டு.
எண்களின் பட்டியல். அதன் கீழே,
எழுதி அடித்த அரை வரி:
'இதை நீங்கள் எங்கே'
அவ்வளவுதான்.
அடித்த வரியையும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி.
பெயர்த்தேன், அடித்ததை அடித்தபடியே.
மறுநாள், மேலே போகும் தட்டச்சுப் பிரதியை
ஒப்பிட்டுப் பார்க்கத் தந்தார்கள்.
எண்கள் எல்லாம் சரி.
அந்த அரை வரி இல்லை.
சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட். ரொட்டி வரிசை.
எனக்கு முன்னால் நின்றவளின் செய்தித்தாளில்
மூலையில் சின்னதாக ஒரு செய்தி.
"ஒரே குண்டாம். ஒரு நகரமே போயிற்றாம்."
"சும்மா அளக்கிறார்கள் அமெரிக்கர்கள்."
அளவு எனக்குத் தெரியும்,
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை.
ஊரின் பெயரைத்தான்
அன்று முதல்முறையாகக் கேட்டேன்.
எங்கள் மொழியிலும் அதைப்
பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும்.

வரிசை நகர்ந்தது.
கூப்பனைக் கத்தரித்துக்கொண்டு
நானூறு கிராம் நிறுத்துத் தந்தார்கள்.